பத்திரிகைக் கணக்கும் பலசரக்குக் கடையும்

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடக்கும் வருஷத்தில், மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் கட்சிக்காரர்கள் காலை எட்டரை மணியை எதிர்பார்த்துக் கொண்டிருப்பார்கள். முந்திய மாதத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நூற்றுக்கு எத்தனை பேர் வேலையின்றித் திண்டாடினார்கள் என்ற கணக்கைத் தொழிலாளர் புள்ளிவிவர இலாகா சாதாரணமாக வெளியிடுவது அந்த நேரத்தில்தான். நம் ஊரில் வருஷப் பிறப்பன்று பஞ்சாங்கம் வாசிப்பதைக் கேட்பதுபோல் அங்கே இதைக் கேட்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பஞ்சாங்கம் வரப்போகும் மழையைச் சொல்கிறது. இந்தக் கணக்கோ போன மாதத்துச் சங்கதியைச் சொல்கிறது. போன மாதத்துக் கணக்கை, வரப்போகும் நாலு வருஷத்துக்கு ஜாதகமாக வாசித்துக் கொள்வது வாக்காளர்களின் வழக்கம்.

இந்த வழக்கத்தை நன்கு அறிந்தவர் ரீகன். 1980-ஆம் வருஷம் அக்டோபர் 28-ஆம் தேதி, ஜனாதிபதி கார்ட்டருடன் நடந்த வாதத்தின் முடிவில் அவர் ஜனங்களைப் பார்த்து, நாலு வருஷத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது நீங்கள் சௌக்கியமாக இருக்கிறீர்களா என்று கேட்டார். அந்த வருஷம் விலைவாசி நூற்றுக்கு 13-க்கு மேல் ஏறியிருந்தது. ஒரு வாரத்தில் கார்ட்டர் தோற்றுப் போனார். கேள்வி கடந்த காலத்தைப் பற்றியது. ஜனங்கள் அளித்த பதிலோ எதிர்காலத்தைப் பற்றியது.

ஆனால் வாக்காளர்கள் தங்கள் பணப் பையை மட்டும் பார்த்து வாக்களிக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கிண்டர், கீவிட் என்னும் இரண்டு அறிஞர்கள் இவ்விஷயத்தை ஆராய்ந்து 1981-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தன் வீட்டு வரவு செலவைக் காட்டிலும், தேசத்தின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்ற எண்ணமே அமெரிக்க வாக்காளரை அதிகமாக ஆட்டி வைக்கிறது என்பது அவர்களுடைய முடிவு. பாராட்ட வேண்டிய குணந்தான். ஆனால் தன் வீட்டு நிலைமை ஒருவனுக்குத் தானே தெரியும். தேசத்தின் நிலைமை எப்படித் தெரியும்? யாராவது சொல்லித்தானே தெரிய வேண்டும்! அப்படிச் சொல்லுகிறவர்கள் பத்திரிகைக்காரர்களும் டெலிவிஷன்காரர்களும் ஆவார்கள். இங்கேதான் செய்திக்கு இவ்வளவு வலிமை ஏற்படுகிறது.

அந்த வலிமைக்கு 1992-ஆம் வருஷத்துத் தேர்தலைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1991 மார்ச்சு மாதம், வளைகுடா யுத்தம் முடிந்த சமயத்தில், ஜனாதிபதி புஷ்ஷை நூற்றுக்கு 89 பேர் ஆதரித்ததாகக் காலப் அபிப்பிராயக் கணிப்பு கூறியது. அதே மார்ச்சு மாதத்தில் அந்நாட்டின் பொருளாதார மந்தமும் முடிவடைந்து விட்டது. ஆனால் அது முடிந்தது என்று சொல்ல வேண்டிய தேசியப் பொருளாதார ஆராய்ச்சிக் கழகம் தன் தீர்ப்பை எப்போது வெளியிட்டது? 1992 டிசம்பர் 22-ஆம் தேதி. அதற்குச் சரியாக ஏழு வாரம் முன்பே புஷ் தோற்றுவிட்டார்! தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, உற்பத்தி வருஷத்துக்கு 2.7 வீதம் பெருகி வருவதாக ஒரு சர்க்கார் கணக்கு வந்தது. வருஷம் முழுவதும் வேறு பாட்டைக் கேட்டுப் பழகிய காதில் அது ஏறவில்லை. தேர்தல் செய்திகளை அதிகமாகக் கவனித்தவர்களே பொருளாதாரத்தைப் பற்றி அதிக மோசமான எண்ணம் கொண்டிருந்தார்கள் என்று ஹெதரிங்டன் என்னும் அறிஞர் 1996-இல் எடுத்துக் காட்டினார்.

அப்படியானால் ஜனங்கள் ஏமாந்து போனார்கள் என்று சொல்லலாமா? நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். மந்தம் முடிந்த மாதத்தில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு 6.8 பேர், பதினைந்து மாதம் கழித்து, 1992 ஜூனில், 7.8 பேர். உற்பத்தி ஏறியது உண்மை. வேலை பெருகவில்லை என்பதும் உண்மை. பொருளாதாரப் பண்டிதர்கள் ஒன்றைப் பார்த்தார்கள். வேலை போய்விடுமோ என்று பயந்த குடும்பங்கள் மற்றொன்றைப் பார்த்தன.

2024-ஆம் வருஷத்தில் இந்தக் கதை வேறு விதமாக நடந்தது. 2022 ஜூனில் 9.1 வீதம் இருந்த விலையேற்றம், 2024 செப்டம்பரில் 2.4 வீதமாக இறங்கிவிட்டது. வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு 4 பேர்தான். ஆளும் கட்சியார் இந்தக் கணக்கையெல்லாம் எடுத்துச் சொன்னார்கள். ஜனங்கள் நம்பவில்லை. ஏன்? விலையேற்றத்தின் வேகம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தமல்ல. மாடிப்படியில் ஓடி ஏறியவன் இப்போது நடந்து ஏறுகிறான் என்பதுதான் அர்த்தம். அவன் கீழே இறங்கி வரவில்லை. 2021-ஆம் வருஷத் தொடக்கத்தில் 100 டாலருக்கு வாங்கிய சாமான்களுக்கு, 2024 இலையுதிர் காலத்தில் சுமார் 120 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் நூற்றில் சில பேரைத்தான் நேராகத் தாக்குகிறது. விலைவாசியோ நூறு பேரையும் தாக்குகிறது. அதைத் தெரிந்துகொள்ளப் பத்திரிகை வேண்டாம். பலசரக்குக் கடைக்குப் போய் வந்தால் போதும். நவம்பர் 5-ஆம் தேதி ஆளும் கட்சியின் அபேட்சகர் கமலா ஹாரிஸ் தோல்வியடைந்தார்.

இத்துடன் கட்சி அபிமானம் என்னும் மூக்குக் கண்ணாடி ஒன்றும் இருக்கிறது. 2012 அக்டோபரில், தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னதாக, வேலையில்லாதவர் விகிதம் 8.1-லிருந்து 7.8-ஆகக் குறைந்தது என்ற கணக்கு வெளிவந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் மாஜித் தலைவர் ஜாக் வெல்ச் உடனே, ஒபாமாவுக்காகக் கணக்கையே மாற்றிவிட்டார்கள் என்று பழி சுமத்தினார். அதற்கு ருசு ஒன்றும் அவர் காட்டவில்லை. மிச்சிகன் சர்வகலாசாலையார் 1940-களிலிருந்து ஜனங்களின் பொருளாதார எதிர்பார்ப்பை விசாரித்து வருகிறார்கள். 2016 தேர்தல் முடிந்தவுடன் குடியரசுக் கட்சியாரின் நம்பிக்கை குபீரென்று உயர்ந்தது. ஜனநாயகக் கட்சியாரின் நம்பிக்கை விழுந்தது. 2020-இல் அப்படியே தலைகீழ். 2024-இல் மறுபடியும் தலைகீழ். தேர்தலுக்கு மறுநாள் அரிசி விலையும் மாறவில்லை, கூலியும் மாறவில்லை. நாற்காலியில் உட்காரப் போகிறவர் மட்டும் மாறினார்!

இதெல்லாம் வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதில் பெரிய ஆபத்து ஒன்று மறைந்திருக்கிறது. 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி, மே, ஜூன் மாதங்களுக்கு முன்னர் கூறிய வேலைத் தொகையில் 2,58,000 குறைத்துத் திருத்திய கணக்கு வெளியாயிற்று. தாமதமாக வரும் விவரங்களைச் சேர்த்து இப்படித் திருத்துவது அந்த இலாகாவின் நெடுநாளைய வழக்கம். அன்றைக்கே ஜனாதிபதி டிரம்ப், தமக்கு விரோதமாகக் கணக்கு திரிக்கப்பட்டது என்று கூறி, இலாகாவின் தலைவியைப் பதவியிலிருந்து நீக்கினார். திரித்ததற்கு அத்தாட்சி எதுவும் காட்டப்படவில்லை. அளவு குறைகிறது என்பதற்காகப் படியை உடைத்தால் நெல் பெருகிவிடுமா? படி உடைந்த பிறகு நிஜமாகவே நெல் பெருகினாலும் யார் நம்புவார்கள்? பிடிக்காத கணக்கைச் சொன்னவருக்கு வேலை போகும் என்றால், பிடித்த கணக்கைச் சொல்கிறவருக்கும் மதிப்புப் போய்விடும்.

ஆகவே, எந்தத் தேசத்தில் தேர்தல் வந்தாலும் வாக்காளர்கள் பொருளாதாரச் செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். இது எந்த மாதத்துக் கணக்கு, இனித் திருத்தப்படுமா? குறைந்தது விலையா, விலை ஏறும் வேகமா? எனக்குப் பிடிக்காத கட்சி பதவியில் இருந்தாலும் இதே செய்தியை இதே விதமாக நம்புவேனா? மூன்றாவது கேள்விதான் மிகவும் கஷ்டமானது. அதைத் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொள்வதே நல்லது. நாலு பேர் எதிரில் கேட்டுக்கொண்டால் உண்மையான பதில் கிடைப்பது அரிது.