செக்கு வாங்கும் முன் சொந்த எள்ளைக் கொண்டு போங்க

கரிசல் காட்டில் எள் விதைக்கிறவன் எண்ணெயைக் கடையில்தான் வாங்குகிறான். மூட்டையைக் கமிஷன் கடையில் இறக்கிவிட்டு, பாக்கெட் எண்ணெயோடு வீடு திரும்புகிற கூத்து இன்னும் நிற்கவில்லை. அதை மாற்றத்தான் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் பன்னிரண்டு பேர் சேர்ந்து மரச்செக்கு வாங்கினோம். 3 ஹெச்.பி. மோட்டார், சுற்றுகிற உரல், வாகை மர உலக்கை. விற்றவர் தன் பட்டறையில் ஆட்டிக் காட்டினார். எண்ணெய் பொன்னாக இறங்கியது. பணத்தைக் கட்டிவிட்டோம்.

ஊருக்கு வந்ததும் கதை வேறாகிவிட்டது. பட்டறையில் போட்டது சலித்துக் காயவைத்த எள். நாங்கள் போட்டது களத்து மண்ணோடு வந்த எள். ரெண்டே மாசத்தில் உலக்கையின் நுனி தேய்ந்துபோச்சு. சாயங்காலம் கரண்டு குறைந்தால் மோட்டார் இழுக்கவில்லை. ஒரு நடைக்கு 12 கிலோவுக்குக் குறைந்தால் எள் சரியாக அரைபடாது. மடியில் எள்ளோடு வந்த ஒரு பாட்டி, "ஏ ஐயா, அஞ்சு கிலோன்னா ஆட்ட மாட்டீகளா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

இயந்திரம் மோசமில்லை. டவுன் கடையில் நாள் முழுக்க ஓடுவதற்காகச் செய்தது அது. நம் களத்துக்கு ஆகுமா என்று யாரும் சோதிக்கவில்லை, நாங்களும்தான்.

இது புதுக் கதையும் இல்லை. நம்மாழ்வார் ஐயா 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில்தான் வேலை பார்த்தார். பருத்திக்கு எத்தனை இடைவெளி, எவ்வளவு உரம் என்று அங்கே சோதனை நடந்தது. அந்தச் செலவு மானாவாரி விவசாயிக்குக் கட்டாது என்று கண்டுதான் 1969-இல் வேலையை விட்டார். பண்ணையில் நடக்கிற சோதனைக்கும் பட்டறையில் நடக்கிற சோதனைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1934-இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்துக்கு நம்ம ஜே.சி. குமரப்பா செயலாளர். அங்கே ஜவேர்பாய் படேல் மாடு பூட்டுகிற செக்கையே எடுத்துத் திருத்தி 'வார்தா காணி' செய்தார். கிராமத்தில் இருப்பதிலிருந்தே தொடங்கினார்கள். குமரப்பா கடைசிக் காலத்தில் இருந்த தே.கல்லுப்பட்டி நமக்கு எட்டாத தூரமா?

ஆகவே வாங்கப் போகிறவர்கள் சொந்த எள் 30 கிலோ கொண்டு போங்க. சலிக்காமல் ஒரு நடை, சலித்து ஒரு நடை, பாதி அளவில் ஒரு நடை ஆட்டச் சொல்லுங்க. எண்ணெயை லிட்டரில் அளக்காமல் தராசில் நிறுங்க. புண்ணாக்கையும் நிறுங்க, சேர்த்த கருப்பட்டியையும் தண்ணீரையும் கணக்கில் கழிக்க மறக்காதீங்க. நேரத்தையும் மீட்டர் யூனிட்டையும் குறிங்க.

எக்ஸ்பெல்லர் இன்னும் கூடப் பிழியும், உண்மைதான். செக்குப் புண்ணாக்கில் தங்குகிற எண்ணெய் மாட்டுக்குப் போகிறது, வீணில்லை என்பது என் கட்சி. ஆனால் அதைச் சாக்காக வைத்துக் கணக்கே பார்க்காமல் விட்டதுதான் எங்களைக் கவிழ்த்தது.

ஆராய்ச்சி நிலையமும் இங்குள்ள பொறியியல் கல்லூரிகளும் அஞ்சு கிலோ செக்கு ஒன்றை வடிவமைத்து, தை அறுப்பு நேரத்தில் ஊர்க் களத்தில் ஓட்டிக் காட்டட்டும். அதுவரை நாங்கள் சும்மா இருக்கவில்லை. செக்குப் பக்கத்திலேயே சல்லடை போட்டாச்சு. சின்ன உரல் ஒன்று ஆசாரியிடம் சொல்லியிருக்கிறோம். வாகைக் கட்டை நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது.