பல்லி எண்ணுவதும் படிப்புதான்

"பல்லி எண்ணவா உன்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன்?"

கேமரன் மலைக்குப் புறப்பட்ட அன்று அப்பா கேட்ட கேள்வி இது. அம்மா அவ்வளவு கோபப்படவில்லை. பல்லி மேலே விழுந்தால் என்ன பலன் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். விடுதியில் நம் தோழர்கள் சிலரும் சிரித்தார்கள். மருத்துவம், சட்டம், பொறியியல் என்றால் தலையாட்டும் நம் சமுதாயத்துக்கு, இரவெல்லாம் காட்டில் ஓணான் தேடுவது வேலையற்றவன் வேலையாகவே படுகிறது. அன்று யாருக்கும் நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

காப்புக் காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. அனுமதிக் கடிதம் கையில் வர வேண்டும். அதன் பிறகும் பகலில் போய்ப் பயனில்லை; ஓணான் இலையோடு இலையாக இருக்கும், கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. இரவிலோ மெல்லிய கிளைகளில் படுத்துத் தூங்கும். தலைவிளக்கின் ஒளி பட்டால் வெளிறிய வயிறு பளிச்சென்று தெரியும். கண்ட நேரம், இடம், கடல் மட்டத்திலிருந்து உயரம், தரையிலிருந்து கிளையின் உயரம் என எல்லாவற்றையும் நனைந்த தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். உடலின் நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரைதான் அளப்பார்கள். வாலை ஏன் சேர்ப்பதில்லை என்பதை, வாலை விட்டுவிட்டு ஓடும் வீட்டுப் பல்லியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலைப்பக்கம் மூன்று இரவுகள் நடந்தோம். எனக்குக் கிடைத்தவை ஓர் ஓணானும் சில அட்டைக் கடிகளும். கண்ணுக்கு மேலும் பிடரியிலும் முள் கொண்ட அந்த ஓணானுக்குத் தித்திவாங்சா மலைத்தொடரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வைத்தது 2009இல்தான். 1929இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் நம்மவர்கள் கொழுந்து பறித்து 80 ஆண்டுகள் ஆன பிறகும், பக்கத்துக் காட்டிலிருந்த ஓணான் பெயரில்லாமல்தான் இருந்திருக்கிறது!

மலைக்காட்டு ஓணானுக்குக் குளிர் வேண்டும். சமவெளி வெப்பத்தைக் கடந்து அடுத்த சிகரத்துக்கு அது போகாது. ஆகவே ஒவ்வொரு சிகரமும் கடல் சூழாத ஒரு தீவு. 2016இல் அமெரிக்கப் பேராசிரியர் லீ கிரிஸ்மரும் மலேசிய ஆய்வாளர்கள் அடங்கிய அவருடைய குழுவினரும் மூன்று புதிய ஓணான் இனங்களை அறிவித்தார்கள். பிரேசர் மலையில் ஒன்று, கேமரன் மலையில் ஒன்று, கெந்திங்கில் ஒன்று. கெந்திங் என்றால் கேபிள் காரும் சூதாட்ட மையமும்தானே நமக்கு நினைவுக்கு வரும்? மூன்றுக்கும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் டிராகன்களான ட்ரோகோன், ரேகல், விசேரியன் பெயர்களைச் சூட்டினார்கள். அது அவர்கள் ரசனை. கேமரன் மலைப் பாறைப் பல்லி ஒன்றுக்கு 2014இல் தெமியார் பூர்வகுடியினர் பெயரை வைத்தார்களே, எனக்கு அதுதான் பிடித்தது.

ஓணானால் யாருக்கும் சோறு கிடைக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ஒரு சரிவை வெட்டிச் சாலை போடவோ காய்கறித் தோட்டம் போடவோ முடிவெடுக்கும் நாளில், "இங்கே என்ன இருக்கிறது?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பட்டியல் வைத்துத்தான் காக்கிறது. பெயரே இல்லாத உயிரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? கீழே வாழும் விலங்காவது வெப்பம் கூடினால் மேலே ஏறலாம். சிகரத்திலேயே இருப்பது எங்கே போகும்? கணக்கெடுப்பு தாமதமானால், இருந்ததே தெரியாமல் ஓர் இனம் அழிந்துவிடும். மூன்று இரவு நடந்து ஒரே ஓணானைப் பார்த்தாலும் அந்த ஒரு வரிக் குறிப்புக்கு மதிப்பு உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் மொழிக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஓணான், அரணை என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அவையே செசும்பாவாகவும் மெங்காருங்காகவும் மாறின. களக்குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே தடுக்கியது. செசும்பாவைப் பச்சோந்தி என்று எழுதும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. நிறம் மாறுவதால் வந்த குழப்பம். உண்மையான பச்சோந்தி இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. மலேசியக் காடுகளில் இல்லை. இல்லாத விலங்கின் பெயரை இருக்கும் விலங்குக்குச் சூட்டிவிட்டு, அறிவியல் தமிழ் வளரவில்லை என்று மேடையில் வருந்துகிறோம். நான் 'முள்ளோணான்' என்று எழுதினேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். விலங்கியல் படிக்கும் நம் மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு களக்குறிப்பையாவது இந்த இதழுக்குத் தமிழில் எழுதலாமே! கவிதைப் பக்கங்களில் இரண்டைக் குறைத்தால் இடம் கிடைக்கும். (கவிஞர்கள் மன்னிக்க.)

விடுமுறையில் அப்பாவிடம் அந்த முள்ளோணானின் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம தோட்டத்துல இந்த மாதிரி ஒண்ணு பார்த்ததே இல்லையே?"

"பார்த்திருக்க முடியாதுப்பா. அது மலையை விட்டு இறங்காது."