பறவாமற் பறத்தல்

பறவையைக் கண்டு பொறாமை கொள்ளாத மனிதன் இலன். ஆனைமலையடிவாரத்தில் வாழும் நமக்கு அப்பொறாமை சிறிது மிகுதி என்றே சொல்லலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி ஆடித் திங்களில் வீசும் காற்றில், சிறகு அசையாது மிதக்கும் பருந்தினைத் தென்னந்தோப்பின் நிழலில் நின்று அண்ணாந்து பாராத சிறுவன் இவ்வூரில் உளனோ? ஆகாய விமானமும் நம் நாட்டார்க்குப் புதுமையன்று. கோயமுத்தூருக்குக் கிழக்கே சூலூரிலுள்ள விமானப்படைத் தளத்திற்கு, 2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தேஜஸ் என்னும் நம் தேசத்துப் போர் விமானங்கள் வந்து சேர்ந்தன. 2020 மே 27 அன்று தேஜஸின் இரண்டாவது அணியும் அங்கேயே அமைக்கப்பெற்றது.

விமானத்தைக் கண்டோர் விமானியைப் புகழ்வர். கற்றோர் சிலர் அதனைக் கட்டியவரையும் புகழ்வர். அதன் கணினிக்குக் கட்டளை எழுதிய மென்பொருள் எஞ்சினியரை நினைப்பாரோ மிகச் சிலர். விமானம் தரையை விட்டு எழுமுன்னரே அதனை ஆயிரம் முறை பறக்கவைத்துப் பார்ப்பவன் அவனே. அவன் தொழிலைப்பற்றியும், அதற்கு நம் மாணவர் தகுதி பெறும் வழியைப்பற்றியும் நம் அபிப்பிராயத்தை இங்குக் கூறத் துணிகின்றோம்.

பறவாமலே பறக்கப் பழகும் இவ்வித்தையின் பிறப்பு விநோதமானது. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தையார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தி வந்தார். அங்கே துருத்திகளையும் காற்றுக் குழல்களையும் கையாளக் கற்ற மைந்தர், அவற்றையே கொண்டு, சாய்ந்தும் நிமிர்ந்தும் திரும்பும் ஒரு சிறு விமானப் பெட்டியை 1929-இல் அமைத்தார். முதலில் அதனைக் கேளிக்கை நிலையத்தார் விளையாட்டுப் பொருளாகவே வாங்கினர். 1934-இல், அமெரிக்கப் படையினர் தபால் கொண்டு பறந்தபொழுது, பனியிலும் இருளிலும் வழி தெரியாது பலர் மாண்டனர். அதன் பின்னரே அரசாங்கத்தார் ஆறு பெட்டிகளை வாங்கினர். விளையாட்டு என்று எண்ணியது உயிர் காக்கும் கருவியாயிற்று.

இக்காலத்துச் சிமுலேட்டரில் துருத்தியின் இடத்தைக் கணிதம் கொண்டது. இறக்கையின்மேல் காற்றுத் தாக்கும் விசை, எஞ்சினின் உந்தல், எரிபொருள் குறையக் குறைய மாறும் எடை ஆகிய இவையனைத்தையும் கணினி ஒவ்வொரு நொடியிலும் பல முறை புதிதாகக் கணக்கிடுகின்றது. நியூட்டன் விதிகளே அதற்கு அடிப்படை. விமானம் விரைந்து ஓடும் உணர்ச்சியை நின்ற இடத்திலேயே உண்டாக்குதல் எங்ஙனம்? விமானியின் அறையை மெல்லப் பின்புறம் சாய்ப்பர். பூமியின் ஈர்ப்பே அவன் முதுகை இருக்கையில் அழுத்த, தான் முன்னோக்கிப் பாய்வதாக அவன் உணர்வான். காட்சி ஒரு கணம் பிந்தினும் தலை சுழலும். அதனினும் கேடாக, கை தவறான பழக்கம் கற்றுவிடும். சிறந்த சிமுலேட்டரில் பயின்ற அனுபவமுள்ள விமானி, ஒரு புதுவகை விமானத்தை மெய்யாக முதன்முறை செலுத்தும்பொழுதே, பின்னால் பிரயாணிகள் அமர்ந்திருத்தல் கூடும். பாவனையின்மேல் உலகம் வைத்திருக்கும் நம்பிக்கை அத்தகையது.

தேஜஸின் வரலாற்றையும் நோக்குக. அது தானே நிலைபெறாத அமைப்புடையது. கணினி இடையறாது திருத்திக்கொண்டிராவிடில் எந்த விமானியாலும் அதனை நேர்நிறுத்த இயலாது. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை ஆராயும் பணியில் நம் எஞ்சினியர் சிலர் அமெரிக்கக் குழுமம் ஒன்றுடன், லிங்க் வாழ்ந்த அதே பிங்ஹாம்டன் வட்டாரத்தில், உழைத்து வந்தனர். 1998 மே மாதத்தில் பொக்ரானில் நம் நாடு அணுச் சோதனை நடத்தியதும், அமெரிக்க அரசாங்கம் தடை விதித்தது. நம்மவர் வெளியேற்றப்பட்டனர்; கருவிகளும் அங்கேயே நின்றுவிட்டன. அவர்கள் பெங்களூருக்கு மீண்டு, விட்ட இடத்திலிருந்து தாமே தொடங்கினர். சிமுலேட்டரிலும், இரும்புப் பறவை எனப்படும் சோதனைச் சட்டத்திலும் மீண்டும் மீண்டும் பறந்து பார்த்தனர். 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் என்னும் விமானி தேஜஸை மெய்யான வானில் 18 நிமிஷம் செலுத்தி இறக்கினார். அந்தப் 18 நிமிஷத்தின் பின்னே எத்தனை ஆயிரம் மணி நேரப் பாவனைப் பறப்பு நின்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி, இத்தொழிலின் மற்றொரு முகத்தையும் மறைத்தல் ஆகாது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பியரின் ஏரியன் 5 ராக்கெட் எழுந்து நாற்பது நொடி செல்லுமுன் சிதறிற்று. பழைய ராக்கெட்டிற்கு எழுதிய கட்டளையைப் புதியதற்கும் பொருந்துமென்று விட்டதே காரணம். அதில் ஓர் எண், தனக்கு வகுத்த இடத்தில் அடங்காமற் போயிற்று. அங்கு உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் வீழ்ந்து 346 பேர் மாண்டனர். ஒரே ஓர் உணர்கருவியின் தவறான அளவை நம்பி, விமானத்தின் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே அழுத்திய மென்பொருள் அவ்விபத்துகளுக்கு முக்கிய காரணமாயிற்று. முதல் விபத்து நேரும்வரை அப்படியொன்று இருப்பதே விமானிகளுக்கு அறிவிக்கப்படவில்லை. அவ்விமானத்தின் சிமுலேட்டரும் சில நிலைமைகளைச் சரியாகக் காட்டவில்லை என்று அக்குழுமமே பின்னர் ஒப்புக்கொண்டது.

இவ்விடத்தே நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். நாம் மாணவராயிருந்த காலத்தில், பௌதிகச் சோதனைச் சாலையில் ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பை அளக்கும்பொழுது, விடை 9.8 என்று வருதல் வேண்டுமென முன்னரே அறிந்து, அதற்கேற்பக் காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதியதுண்டு. எழுதினோம், முழு மதிப்பெண்ணும் பெற்றோம். இன்றும் அவ்வழக்கம் ஒழிந்ததாகத் தோன்றவில்லை. இது சிறுபிள்ளைத்தனம், பொறுத்தற்குரியது என்பார் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. சிமுலேட்டர் எஞ்சினியனும் நாள்தோறும் அதே சோதனைக்கு உள்ளாகின்றான். மெய்விமானத்தில் எடுத்த அளவும் கணினி கூறும் அளவும் ஒவ்வாதபொழுது, எண் ஒன்றைச் சிறிது நகர்த்தினால் இரண்டும் ஒத்துவிடும், மேலதிகாரியும் மகிழ்வார். ஏன் ஒவ்வவில்லை என்று தேடினாலோ வாரங்கள் கழியும். முதல் வழியை ரெக்கார்டு நோட்டில் பழகியவன் இரண்டாவது வழியை எங்கே கற்பான்? ஊசலில் பொய்த்தவன் ஒரு மதிப்பெண் திருடினான். விமானத்தில் பொய்த்தவன் பிறர் உயிரைப் பணயம் வைத்தான். பழக்கம் ஒன்றே, விலைதான் வேறு.

ஊதியம் பற்றியும் ஒரு சொல். வங்கிக்கும் வாணிகத்திற்கும் மென்பொருள் எழுதினால் விரைவில் உயரலாமே, இதில் என்ன மிச்சம் என்று பெற்றோர் வினவுவர். வினா நியாயமானதே. இத்தொழிலில் எழுதுவது குறைவு. எழுதியதைச் சோதிப்பது மிகுதி. ஒவ்வொரு வரியும் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது, எந்தச் சோதனையால் மெய்ப்பிக்கப்பட்டது என்று காட்டவேண்டும். பொறுமையில்லார்க்கு இது சிறையேயாம். பொறுமையுடையார்க்கோ, தம் கணக்கு வானில் பறப்பதைக் காணும் பேறு வேறெங்கும் எளிதிற் கிட்டாது.

மிஷன் கல்லூரி மாணவர்க்கு இத்துறை அந்நியமுமன்று. அப்துல் கலாம் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் கற்ற பின்னரே குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்றார். எழுத்தாளர் சுஜாதா எனப் புகழ்பெற்ற ரங்கராஜனும் அவ்விரு நிலையங்களிலும் பயின்று, விமானப் போக்குவரத்துத் துறையிலும் பாரத் எலக்ட்ரானிக்ஸிலும் பணியாற்றினார். 2019-இல் தொடங்கிய தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் கோயமுத்தூரும் ஒன்று. ஆகவே வாய்ப்புக் கதவருகே வந்து நிற்கின்றது.

நாம் வேண்டுவன மூன்று. ஆசிரியப் பெருமக்கள், சரியான விடையைப் பொய்யாய் எழுதியவனினும், தவறான விடையை மெய்யாய் எழுதி, அத்தவறு எங்ஙனம் நேர்ந்தது என்று ஆராய்ந்தவனுக்கு மிகுந்த மதிப்பெண் அளிப்பாராக. கணிதமும் பௌதிகமும் கற்கும் மாணவர் கணினி மொழி ஒன்றினையும் உடன் கற்பாராக. இத்துறையில் உழைக்கும் பழைய மாணவர், ஆண்டிற்கொரு நாளேனும் வந்து, தாம் வென்ற கதையோடு தவறிய கதையையும் இளையோர்க்கு உரைப்பாராக.

தவறு செய்வதற்கென்றே மனிதன் அமைத்துக்கொண்ட இடம் சிமுலேட்டர். அங்கே நூறு முறை வீழ்ந்தவன் வானில் வீழாதிருக்கக் கற்கின்றான். கல்லூரியும் அத்தகைய இடமே. இங்கே துணிந்து தவறுக. தவறியதை மறையாது எழுதுக. அன்பர்காள், அவ்வாறு செய்வீராயின், உங்கள் கணக்கை நம்பி ஒருவர் தம் குழந்தையுடன் விமானத்தில் ஏறும் நாள் வரும்பொழுது, அந்நம்பிக்கைக்கு நீங்கள் உரியவராவீர்கள்.