4,000 ரிங்கிட் உதவியா, அப்பாவின் பழைய சாகாவா? பட்டறைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

2025 அக்டோபர் 10ஆம் தேதி 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தாக்கல் செய்தபோது, பழைய கார் வைத்திருப்போரை நேரடியாகத் தொடும் அறிவிப்பு ஒன்றும் அதில் இருந்தது. 20 ஆண்டுகளைக் கடந்த காரை அழிப்புக்குக் கொடுத்துவிட்டு புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவி என்பதே அது.

20 ஆண்டு என்றதும் பல வீடுகளின் வாசலில் நிற்கும் வாகனங்கள் கண்முன் வரும். முதல் தலைமுறை சாகா, இஸ்வாரா, வீரா, கஞ்சில், தொடக்க கால வாஜா, கெலிசா ஆகியவற்றில் பல அந்த வயதைத் தொட்டவை அல்லது தாண்டியவை. தோட்டப்புறத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதும், அம்மாவை கிளினிக்கிற்குக் கொண்டு போவதும் இன்னும் இந்தக் காடிகள்தான்.

இன்னொரு பக்கம், அதே காரைப் புதுப்பிக்கும் ஆசை இளைஞர்களிடம் வளர்ந்திருக்கிறது. 1985 ஜூலையில் அறிமுகமான சாகாவுக்கு 40 வயது நிறைந்துவிட்டது. அப்பா வாங்கிய முதல் கார் என்ற பாசமும், பழைய கார் மீதான மோகமும் சேர்ந்து பலரைப் பட்டறைக்கு இழுக்கின்றன. அழிப்பதா, சரிசெய்வதா என்ற கேள்வி இப்போது பல குடும்பங்களின் பணப்பையோடு மோதுகிறது.

இதற்கு முன்னும் நடந்தது

பழைய கார்களைச் சாலையிலிருந்து அகற்றும் முயற்சி புதிதல்ல. 2009 மார்ச் மாதம் அறிவிக்கப்பட்ட பொருளாதார ஊக்குவிப்புத் திட்டத்தில், 10 ஆண்டுகளைக் கடந்த காரைக் கொடுத்து புதிய தேசிய கார் வாங்குவோருக்கு 5,000 ரிங்கிட் கழிவு வழங்கப்பட்டது. அதே ஆண்டு பிற்பகுதியில், 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களுக்குக் கட்டாயச் சோதனை என்ற அறிவிப்பும் வந்தது. மக்களிடையே எதிர்ப்பு கிளம்பியதால் அது மீட்டுக்கொள்ளப்பட்டது.

அன்று எதிர்த்தவர்கள் சொன்ன காரணம் இன்றும் மாறவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஆசைக்காக வைத்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் வைத்திருக்கிறார்கள். கழிவு எவ்வளவு கொடுத்தாலும் மிச்சப் பணத்திற்குக் கடன் வாங்கியாக வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 2023இல் 22,000 ரிங்கிட் விலையில் அறிமுகமான பெரோடுவா ஆக்சியாவின் மிக மலிவான ரகத்தை எடுத்துக்கொள்வோம். 4,000 ரிங்கிட் முழுமையாகக் கிடைத்தாலும் மீதி 18,000 ரிங்கிட். 9 ஆண்டுத் தவணை என்றால் வட்டியே சேர்க்காமல் மாதம் 166 ரிங்கிட்டுக்கு மேல். வட்டி, முழுக் காப்புறுதி எல்லாம் அதன் மேல். குறைந்தபட்ச சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்குபவருக்கு 11 விழுக்காடு ஊழியர் சேமநிதி கழித்தால் கையில் நிற்பது 1,513 ரிங்கிட். அதில் இந்தத் தவணை சின்னத் தொகை அல்ல.

அதற்காகப் பழைய காரைச் சரிசெய்வது எப்போதும் மலிவு என்று முடிவுகட்டவும் முடியாது. செலவு கட்டுக்குள் இருந்தால் மட்டுமே அது மலிவு. கட்டுப்பாடு நழுவினால், புதிய காரின் முன்பணமும் பல மாதத் தவணையும் பட்டறையிலேயே கரைந்துவிடும்.

செலவு எங்கே நழுவுகிறது?

பழைய கார் புதுப்பிப்பில் அடிக்கடி காணும் தவறு வரிசை மாறுவதுதான். முதலில் ரிம், அடுத்து சாயம், பிறகு சீட் உறை, ஒலிப்பெட்டி. கண்ணுக்குத் தெரிவது எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் ரேடியேட்டர் கொதிக்கிறது. காற்று போன பலூன் மாதிரி சேமிப்பும் சுருங்கிவிடுகிறது.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் நிற்க வைக்கும் பாகங்கள்: பிரேக், டயர், ஸ்டியரிங், அப்சார்பர், பால் ஜாயிண்ட். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடிய காருக்கு அடிப்பகுதி ரப்பர் புஷ்கள் தேய்ந்திருப்பது சாதாரணம். இரண்டாவது குளிரூட்டும் அமைப்பு: ரேடியேட்டர், ரப்பர் குழாய்கள், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட். மூன்றாவது எஞ்சினும் மின்கம்பிகளும். நான்காவது துரு. சாயமும் உட்புற அலங்காரமும் கடைசியில்தான்.

குளிரூட்டும் அமைப்புக்கு இவ்வளவு முன்னுரிமை கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கூலண்டுக்குப் பதில் பல ஆண்டுகள் குழாய்த் தண்ணீரே ஊற்றப்பட்ட எஞ்சினுக்குள் துரு படிந்திருக்கும். வெடித்த ஒரு ரப்பர் குழாயை மாற்றுவது சிறு செலவு. அதைக் கவனிக்காமல் ஓட்டி எஞ்சின் சூடேறினால் ஹெட் கேஸ்கட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். அப்போது 'டாப் ஓவர்ஹால்' என்ற பெயரில் வரும் பில் அந்தக் குழாயின் விலையைப் போலப் பல மடங்கு.

எஞ்சினைப் பிரிக்கலாம் என்று சொல்லப்பட்டால், கம்ப்ரஷன் சோதனை செய்து பார்த்தார்களா என்று கேட்பது உரிமையாளரின் வேலை. சில நிமிடங்களில் முடியும் அந்தச் சோதனையே, வால்வு வேலையோடு நிற்குமா, பிஸ்டன் ரிங் வரை போகுமா என்பதற்கு ஓரளவு விடை தந்துவிடும். பிரிப்பதற்குப் பதில் பயன்படுத்திய எஞ்சினையே மாற்றலாம் என்ற யோசனையும் வரும். மாற்றிய எஞ்சினின் எண் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவில் ஏற வேண்டும். ரசீதும் ஆவணமும் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். காரின் நிறத்தை மாற்றினாலும் பதிவில் திருத்தம் தேவை.

துருவின் கதை வேறு. வெளியே ஐந்து காசு அளவு கொப்புளம் தெரிந்தால், சுரண்டும்போது உள்ளே கையளவு ஓட்டை இருக்கும். கதவடி, கம்பளத்தின் அடி, உதிரி டயர் வைக்கும் குழி, முன்கண்ணாடி ரப்பரின் ஓரம் ஆகியவற்றை வெளிச்சத்தில் பார்த்த பிறகே மொத்த விலை பேச வேண்டும். துருவை வெட்டி எடுத்துத் தகடு ஒட்டாமல் மேலே மாவு பூசிச் சாயம் அடித்தால், இரண்டு மழைக்காலத்தில் அதே இடம் மீண்டும் வீங்கும். ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு.

ஏர்கோனும் ஒரு மறைமுகச் செலவு. பழைய கார்களில் இருந்த ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் கைவிடப்பட்டது. இன்னும் மாற்றப்படாத அமைப்பு என்றால் வெறும் வாயு நிரப்புவதோடு வேலை முடியாது. புதிய வாயுவுக்கு ஏற்ப எண்ணெயும் சில பாகங்களும் மாற வேண்டியிருக்கும்.

எந்தக் கார், எந்தப் பாகம்?

எல்லாப் பழைய கார்களும் பணப்பைக்கு ஒரே மாதிரி அல்ல. சாகாவின் எஞ்சினும் அடித்தளமும் மிட்சுபிஷியிடமிருந்து வந்தவை. அந்த உடல் அமைப்பு இஸ்வாரா என்ற பெயரோடும் சேர்ந்து 2008 வரை உற்பத்தியில் இருந்தது. ஆகவே உதிரிப் பாகங்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. 1970ஆம் ஆண்டுகளின் டட்சன் 120வை, வோக்ஸ்வேகன் பீட்டல் போன்ற கார்களுக்கு எஞ்சின் பாகம் தேடிப் பிடித்துவிடலாம். விளக்குக் கண்ணாடி, கதவு ரப்பர், குரோம் பட்டை போன்ற சில்லறைச் சாமான்கள்தான் தலைவலி. காரை வாங்கும் முன்பே அதில் இல்லாத பாகங்களைப் பட்டியலிட்டு, உதிரிப் பாகக் கடையில் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது. விற்பவர் சொல்லும் மலிவு விலை பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

பாகங்களிலும் தரம் உண்டு: அசல், அசலுக்கு இணையாகத் தயாரிக்கப்பட்டவை, மலிவுப் போலி, வெட்டுக் கடையில் கிடைக்கும் பயன்படுத்தியவை. எல்லாவற்றுக்கும் அசலே வேண்டும் என்றால் கட்டுப்படியாகாது. எல்லாவற்றுக்கும் மலிவே போதும் என்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை. கதவுக் கைப்பிடி, மீட்டர் பலகை, பம்பர் போன்றவற்றைப் பயன்படுத்தியதாக வாங்கலாம். பிரேக் பாகங்கள், டைமிங் பெல்ட், ரப்பர் குழாய், டயர் ஆகியவற்றில் அந்தச் சிக்கனம் கூடாது.

பாகத்தைத் தானே வாங்கிக் கொடுத்தால் மிச்சம் என்று சிலர் நினைப்பதுண்டு. விலையில் மிச்சமாகலாம். ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவந்த பாகம் பழுதானால் மீண்டும் கழற்றி மாட்டும் கூலியைப் பட்டறை ஏற்காது. இதை முன்கூட்டியே பேசிக்கொள்வது பிறகு வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

வாய்ப்பேச்சு வேண்டாம், தாள் வேண்டும்

"அண்ணே, பார்த்துச் செய்ங்க" என்ற ஒரு வார்த்தையில் காரை ஒப்படைப்பது நம்மவர்களிடையே பழகிப்போன ஒன்று. தெரிந்தவர், ஒரே தாமான், ஒரே கோயில் என்பதால் கணக்குக் கேட்கக் கூச்சம். மூவாயிரம் என்று தொடங்கிய பேச்சு எட்டாயிரத்தில் முடியும்போது, பணத்தோடு உறவும் போகிறது.

உண்மையில் எழுத்தில் கேட்பது மெக்கானிக்கை அவமதிப்பது ஆகாது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தகவல் தெரிவிப்பது தொடர்பாக 2002ஆம் ஆண்டிலேயே தனி விதிமுறைகள் வகுக்கப்பட்டுள்ளன. வேலையின் விவரம், பாகத்தின் விலை, கூலி, புதிய பாகமா பழையதா, முடியும் நாள் ஆகிய ஐந்தும் ஒரு தாளில் இருந்தால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. கூடுதல் வேலை தெரியவந்தால் கேட்ட பிறகே தொட வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.

தகராறு முற்றினால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும் எழுத்துமூல மதிப்பீடும் இல்லாமல் அங்கே போனால் வாதம் பலவீனமாகிவிடும். பெரிய பட்டறைகளின் பில்லில் சேவை வரியும் சேரும். 2024 மார்ச் முதல் அதன் விகிதம் 8 விழுக்காடு. சொல்லப்பட்ட விலை வரிக்கு முன்பா, பின்பா என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

காப்புறுதியில் இருக்கும் பள்ளம்

செலவழித்துப் புதுப்பித்த கார் விபத்தில் சிக்கினால் என்ன ஆகும்? இதைப் பலர் யோசிப்பதில்லை. முழுக் காப்புறுதி இருந்தாலும், 10 ஆண்டுகளைக் கடந்த காருக்குப் பழைய பாகத்திற்குப் பதில் புதிய பாகம் பொருத்தப்படும்போது அதன் விலையில் 40 விழுக்காடு வரை உரிமையாளர் தலையில் விழலாம். 1,000 ரிங்கிட் பாகத்திற்கு 400 ரிங்கிட் கைக்காசு. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் தன் கார் சேதத்திற்கு ஒன்றுமே கிடைக்காது.

மேலும், கார் முற்றாக நொறுங்கினால் சந்தை மதிப்புதான் கணக்கு. பட்டறையில் கொட்டிய 15,000 ரிங்கிட் அந்த மதிப்பில் தானாக ஏறிவிடாது. மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் காப்புறுதித் திட்டம் கிடைக்குமா என்று விசாரிப்பதும், புதுப்பித்த வேலைகளின் ரசீது, படங்களைப் பத்திரப்படுத்துவதும் உதவும்.

காலமான தந்தையின் பெயரிலேயே கார் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அமானா ராயா, நிலப் பணிமனை அல்லது உயர் நீதிமன்றம் வழி சொத்து நிர்வாக ஆவணம் பெற்று, புஸ்பாகோம் பி5 சோதனை முடித்துப் பெயர் மாற்றிய பிறகே பெரிய செலவில் இறங்குவது பாதுகாப்பானது. உடன்பிறந்தவர்களிடையே பின்னால் உரிமைப் பிரச்சினை வந்தால் செலவழித்தவருக்குக் கையில் ஆதாரம் இருக்காது.

எங்கே கோடு போடுவது?

1.3 லிட்டர் சாகாவுக்குத் தீபகற்பத்தில் சாலை வரி ஆண்டுக்கு 70 ரிங்கிட்தான். கடன் தவணை இல்லை. இந்த இரண்டும் பழைய காரின் பெரிய பலம். அந்தப் பலத்தைக் காக்க வேண்டுமானால் வேலையைக் கட்டம் கட்டமாகச் செய்ய வேண்டும். உதாரணமாக, ஒரு குடும்பம் 6,000 ரிங்கிட் ஒதுக்குகிறது என்றால் 4,000 ரிங்கிட் வேலைக்கு மட்டுமே பட்டறையில் ஒப்புதல் தரலாம். மீதி 2,000 பிரித்த பிறகு தெரியவரும் பழுதுகளுக்கு. அவை இல்லாவிட்டால் சாயத்திற்கு. ஒரு கட்டம் முடிந்து, கார் சில வாரங்கள் சரியாக ஓடிய பிறகே அடுத்த கட்டத்திற்குப் பணம். நடுவில் பணம் தீர்ந்தால் கார் கூடாரத்தில் காத்திருக்கட்டும். அதற்காக ஆலோங்கிடம் கைநீட்டக் கூடாது.

அன்றாடம் வேலைக்குப் போகும் ஒரே கார் என்றால் கோடு இன்னும் கண்டிப்பானது. அடிச்சட்டகத்தைத் துரு அரித்துவிட்டது, பிரேக்கும் எஞ்சினும் சேர்ந்து போய்விட்டன, மதிப்பீடு வேறொரு நல்ல பழைய காரின் விலையை நெருங்குகிறது என்றால், பாசத்தை ஓரம் வைத்து 4,000 ரிங்கிட் உதவியையும் மற்ற வழிகளையும் பார்ப்பதே புத்திசாலித்தனம். அடிச்சட்டகம் உறுதியாக இருந்து, பழுது தேய்மானப் பாகங்களோடு நிற்கிறது என்றால், அழிப்புக்குக் கொடுப்பதில் அவசரம் வேண்டாம்.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், இரண்டு பட்டறைகளில் எழுத்துமூல மதிப்பீடு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்த பிறகு எடுக்க வேண்டும். அந்த இரண்டு தாள்களுக்கு ஆகும் செலவு ஒரு சனிக்கிழமை காலை மட்டுமே.