தேர்ச்சி தந்தோம், செய்தி தந்தோமா?

எட்டாம் வகுப்பு வரையில் எந்தப் பிள்ளையையும் 'தோற்றவன்' என்று முத்திரை குத்தி நிறுத்தக் கூடாது என்பது தமிழ்நாடு கட்டிக் காத்து வரும் கொள்கை. அதற்குச் சோதனைகளும் வந்தன. 2019-ல் டில்லி, கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்துத் தேறாதவரை நிறுத்தி வைக்க வழி திறந்தது. அந்த ஆண்டே இங்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு எழுந்தது, 2020 பிப்ரவரியில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். 2024 டிசம்பரில் டில்லி தன் நேரடிப் பள்ளிகளில் நிறுத்தி வைக்கும் முறையைக் கொண்டு வந்தபோதும், தமிழ்நாடு அதனை ஏற்கவில்லை. நல்லது! வரவேற்கிறோம்.

ஆனால், அதே சட்டத்தின் ஏட்டிலே இன்னும் சில பக்கங்கள் தள்ளிப் பாருங்கள். பிள்ளையை நிறுத்தாதே என்றது 16-ஆவது பிரிவு. பெற்றோரை அடிக்கடி சந்தித்து, பிள்ளையின் வருகையை, கற்கும் திறனை, கண்ட முன்னேற்றத்தை எடுத்துச் சொல் என்று ஆசிரியருக்குக் கடமை விதித்தது 24-ஆவது பிரிவு. பதினாறை முழங்குகிறோம் மேடையிலே! இருபத்து நான்கை முணுமுணுக்கவாவது செய்கிறோமா?

இதை ஓசூரிலே நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவிலே புழங்கும் ஊர் அது. சிப்காட் ஆலைகளும் அண்மையில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகளும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் உழைப்பாளிகளை அழைத்து வந்திருக்கின்றன. தந்தை இரவு ஷிப்டு. தாய் பகல் ஷிப்டு, அல்லது எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் வேலை. பள்ளியோ, வேலைநாளின் பிற்பகலிலே 'பெற்றோர் கூட்டம், வருக' என்கிறது. வந்தால் அரைநாள் கூலி போகும்; வராவிட்டால் அக்கறையற்றவர்கள் என்ற பழி வரும். எது நியாயம்?

மதிப்பிடும் முறையிலே குறை காணவில்லை நாம். 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்றது. அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலை வகுத்து, பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பாடம் தொடங்கச் சொன்னது. ஆசிரியரும் அளந்து, கைபேசியிலே பதிந்து, மேலிடத்துக்கு அனுப்புகிறார். மூன்றாம் வகுப்பிலே உட்கார்ந்திருக்கும் மகள் 'அரும்பு' என்று தாய் கேள்விப்படுகிறாள். அழகான பெயர் என்று பூரிக்கிறாள். முதல் வகுப்புப் பாடமே மகளுக்கு இன்னும் வசப்படவில்லை என்பதுதான் அதன் பொருள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சென்னைக்குத் தெரிந்த சேதி, சூளகிரியிலே இருக்கும் தாய்க்குத் தெரிய வேண்டாமா?

"அதற்குத்தான் தேர்வு வையுங்கள் என்கிறோம்" என்று சிலர் குறுக்கிடுவர். பெற்றோருக்குத் தெரிய வேண்டும் என்பது சரி. தேர்வுதான் தெரிவிக்கும் என்பது தவறு. தேறவில்லை என்று சொல்லும் தேர்வு, எது தெரியவில்லை என்று சொல்லாது. கிருஷ்ணகிரி மண்டிக்கு வந்த மாங்காயை நாளுக்கு நான்கு முறை தராசிலே போட்டாலும் அது பழுத்துவிடாது!

படித்த வீட்டுப் பிள்ளைக்கு அட்டையே வேண்டாம். நோட்டைப் புரட்டியதும் தந்தைக்கு நிலைமை விளங்கிவிடும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் வீட்டுக்கோ, பள்ளி சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் ஒன்பதாம் வகுப்பிலே உண்மை வெடிக்கும்; அன்று பழி பெற்றவள் தலையிலே விழும். ஆகவே இது சமூக நீதிப் பிரச்சினை.

என்ன செய்யலாம்? ஷிப்டு முடியும் வேளையிலோ, ஞாயிறன்றோ கூட்டம் வையுங்கள். அரசின் நிலத்தையும் சலுகையையும் பெற்ற ஆலைகள், பருவத்துக்கு ஒருமுறை பெற்றோருக்குக் கூலியோடு அரைநாள் விடுப்புத் தரட்டும். 'உங்கள் மகள் இரண்டெழுத்துச் சொல் படிக்கிறாள். வாக்கியம் படிக்கத் திணறுகிறாள்' என்று இரண்டே வரி, வீட்டு மொழியிலே போகட்டும். படிக்கத் தெரியாதவருக்குக் குரலாகப் போகட்டும். சிறுபான்மை மொழிப் பிள்ளைக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. பிள்ளைக்கு உள்ள அந்த மதிப்பு தாய்க்கும் வேண்டும். இந்தி திணிக்கப்பட்டபோது மொழியின் வலியை உணர்ந்த நமக்கு இதை எவரும் போதிக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் தலையிலே இன்னொரு படிவத்தை ஏற்றச் சொல்லவில்லை. இருப்பதிலே பாதியை இறக்குங்கள், பேச நேரம் கிடைக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவிலே நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று விதி இருக்கிறது. கட்டட விரிசலையும் குடிநீர்க் குழாயையும் பேசும் அந்தக் குழு, 'எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், எத்தனை பேர் வீட்டுக்குச் சொன்னீர்கள்?' என்றும் கேட்கட்டும்.

நிறுத்தாதே என்ற சட்டம்தான், மறைக்காதே என்றும் சொல்லியிருக்கிறது. இரண்டாவதைக் கைவிட்டால், முதலாவதைப் பறிக்கக் காத்திருப்போர் கையிலே வாளைக் கொடுத்தவர்கள் நாமே ஆவோம்.