குறைந்த விலைக் காற்றாலை: முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கணக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டைத் தாண்டி வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள் வந்துவிடும். "இவ்வளவு கடற்காற்று வீசுகிறதே, இதிலேயே மின்சாரம் எடுத்து மோட்டார் ஓட்ட முடியாதா?" என்பது இப்பகுதி விவசாயிகளும் உப்பளத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்வி. டீசல் செலவு அப்படிக் கேட்க வைக்கிறது.

விலையைக் குறைக்கும் வழி உண்மையிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஹியூ பிகட் வகுத்த முறையில், மரத்தில் செதுக்கிய இறக்கை, கையால் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், நியோடிமியம் காந்தம் ஆகியவற்றைக் கொண்டு சிறு பட்டறையிலேயே காற்றாலை செய்யலாம். அருகிலுள்ள ஆரோவில்லில் 'மின்வாயு' குழு இம்முறையில் காற்றாலைகள் செய்து பயிற்சியும் அளித்தது. இதில் கியர் பெட்டி கிடையாது. பழுதானால் உள்ளூர் வெல்டரும் வைண்டிங் கடைக்காரருமே சரிசெய்துவிடலாம்.

ஆனால், கணக்கைப் பார்க்க வேண்டும். காற்றின் வேகம் பாதியானால் அதன் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். 2.4 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை, நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்றில், காற்றாற்றலில் கால் பங்கை மின்சாரமாக மாற்றினால் கிடைப்பது சுமார் 85 வாட். நாள் முழுதும் அதே வேகத்தில் வீசினாலும் 2 யூனிட்தான். 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடவே ஏறக்குறைய 4 யூனிட் வேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள '1 கிலோவாட்' என்பது பலத்த காற்றில் மட்டும் கிடைக்கும் அளவு.

எனவே தண்ணீர் இறைக்கச் சூரிய மின்சாரமே ஏற்றது. ஒரு கிலோவாட் சூரியத் தகடு வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். உப்பு விளைவதும் வெயில் காலத்தில்தான். குஜராத்தின் கட்ச் பாலைவன உப்பளத் தொழிலாளர்கள் பலர் டீசலிலிருந்து சோலார் பம்புக்கு மாறியிருக்கிறார்கள். விவசாயிகள் மானிய சோலார் பம்புசெட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகலாம். சிறு காற்றாலையை இரவிலும் மழைக்காலத்திலும் விளக்கு, செல்போன், காவல் கொட்டகைத் தேவைக்கு பேட்டரியுடன் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

அமைப்பவர்கள் மூன்றைக் கவனியுங்கள். சுற்றி 100 மீட்டருக்குள் உள்ள சவுக்குத் தோப்பு, கட்டிடங்களைவிடக் குறைந்தது 10 மீட்டர் உயரத்தில் இறக்கை சுழல வேண்டும். உப்புக் காற்றில் காந்தம் துருப்பிடிக்கும் என்பதால் அதை ரெசினால் முழுமையாக மூட வேண்டும். கம்பம் கால்வனைஸ் செய்ததாக இருக்கட்டும். தானே, ஃபெஞ்சல் புயல்களைக் கண்ட கரை இது. எச்சரிக்கை வந்ததும் சாய்த்து இறக்கும்படி கம்பம் அமைய வேண்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: "என் நிலத்துக் காற்றில் மாதம் எத்தனை யூனிட் கிடைக்கும்?" பதிலை எழுத்தில் தராதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.