பட்ஜெட்டில் ஸ்போர்ட்ஸ் கார் தேடறீங்களா? பவரைப் பார்க்கும் முன் வரியைப் பாருங்க

2025 அக்டோபரில் ஸ்கோடா நிறுவனம் ஆக்டேவியா ஆர்எஸ் காரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. எக்ஸ்-ஷோரூம் விலை 49.99 லட்சம் ரூபாய். வந்தது மொத்தமே 100 கார், அத்தனையும் விற்றுப்போச்சு. அந்த ஆண்டு மே மாதம் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ-யின் விலை 53 லட்சத்தை ஒட்டி இருந்தது. இரண்டிலும் இருப்பது 265 பிஎஸ் பவர் தரும் 2 லிட்டர் டர்போ இன்ஜின். ஐரோப்பாவில் இவை சாதாரணக் குடும்பக் காரின் கொஞ்சம் வேகமான வடிவம். இங்கே அந்தக் காசுக்குப் புறநகரில் ஒரு ஃபிளாட் பார்க்கலாம்.

அப்போ, மாதச் சம்பளத்தில் இஎம்ஐ கட்டி வாங்கும் அளவுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இந்தியாவில் இருக்கா? கறாராகச் சொன்னால், இல்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86 போன்றவை இங்கே விற்பனையில் இல்லை. நம்ம ஊர்க் கார் மாதிரியே ஆகிவிட்ட ஸ்விஃப்ட்டின் 'ஸ்போர்ட்' வடிவம்கூட அதிகாரபூர்வமாக இங்கே வந்ததில்லை. நமக்குக் கிடைப்பது சாதாரணக் காருக்குக் கொஞ்சம் சூடேற்றிய வடிவங்கள்தான். அதில் எதை வாங்கலாம் என்பதுதான் கேள்வி.

4 மீட்டர் ஏன் முக்கியம்?

இந்தியாவில் சின்ன கார் எது என்பதை முடிவு செய்வது ஒரு வரி விதி. 2006 பட்ஜெட்டில் கலால் வரிச் சலுகைக்காக வந்த அந்த அளவுகோல் இன்றும் தொடர்கிறது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருக்கணும். 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில், இந்த வரம்புக்குள் வரும் கார்களுக்கு 18 சதவீதம். தாண்டினால் 40 சதவீதம். மின்சார கார்களுக்கு 5 சதவீதம்.

இந்த விதி காரின் நீளத்தையும் இன்ஜின் கொள்ளளவையும்தான் அளக்கிறது. பவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால் 120 பிஎஸ் தரும் 1 லிட்டர் டர்போ காருக்கும், ஆபீஸ் போய்வர ஓட்டும் ஆல்ட்டோவுக்கும் ஒரே வரி. இன்சூரன்ஸும் அப்படித்தான். 2022-ல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 1000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. சின்ன டர்போ இன்ஜின் வாங்குபவருக்கு அரசே மறைமுகமாகத் தள்ளுபடி கொடுக்குதுன்னு வெச்சுக்கலாம்.

ஐ20 என் லைனா, விர்டஸ் ஜிடியா?

அந்தத் தள்ளுபடியை முழுசாக அனுபவிக்கும் கார் ஹூண்டாய் ஐ20 என் லைன். 998 சிசி டர்போ, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர் டார்க். ஜிஎஸ்டி குறைப்புக்குப் பிறகு விலை 9 லட்சத்தைச் சற்றே தாண்டித் தொடங்கியது. சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 6 ஸ்பீடு மேனுவல். ஆனால் 'என் லைன்' வேறு, 'என்' வேறு. ஐரோப்பாவில் விற்ற ஐ20 என் காரின் பவர் 204 பிஎஸ். ரீல்ஸில் அதைப் பார்த்துவிட்டு இங்கே ஷோரூம் போனால் ஏமாற்றம்தான்.

இன்னொரு பக்கம் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி. 1.5 லிட்டர் டர்போ, 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். நீளம் நாலரை மீட்டருக்கு மேல், அதனால் 40 சதவீத வரி. நல்ல வேரியன்ட் எடுத்தால் 16, 17 லட்சம் ஆகும். இந்த விலைக்கு இந்தியாவில் இவ்வளவு டார்க் தரும் செடான் ரொம்பக் குறைவு. கூடவே 521 லிட்டர் டிக்கி. தீபாவளிக்கு ஊருக்குப் போறவங்களுக்கு அதுவும் முக்கியம்தானே?

பாதுகாப்பிலும் வித்தியாசம் இருக்கு. 2022-ல் குளோபல் என்கேப் சோதித்த, இரண்டு ஏர்பேக் கொண்ட ஐ20 மூன்று நட்சத்திரமே வாங்கியது. 2023-ல் எல்லா வேரியன்ட்டுக்கும் ஆறு ஏர்பேக் வந்தது. விர்டஸ் 2023-ல் ஐந்து நட்சத்திரம் பெற்றது. வேகமாக ஓட்டும் எண்ணத்தோடு வாங்குகிற காரில் இதை ஓரமாக வைக்க முடியாது.

இப்போ காசுக் கணக்கு. ஐ20-க்கு 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 16,600 ரூபாய். விர்டஸுக்கு 15 லட்சம் கடன் என்றால் 31,100-ஐத் தாண்டும். 7 வருடமாக நீட்டினால் 24,100 ஆகக் குறையும். ஆனால் வட்டி மட்டும் 5 லட்சத்துக்கு மேல் போகும். தமிழ்நாட்டில் பதிவு செய்பவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கு. 2023 நவம்பர் முதல் சாலை வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. காரின் விலை 9.9 லட்சத்திலிருந்து 10.1 லட்சமானால், அந்த 20,000 ரூபாய்க்காக வரி மட்டும் சுமார் 53,000 கூடும். ஐ20-யில் உயர் வேரியன்ட் பார்க்கும்போது இந்தக் கோட்டை மனசில் வெச்சுக்கோங்க.

டாடா அல்ட்ராஸ் ரேசர் இந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டியது. 2024 ஜூனில் 9.49 லட்சத்துக்கு வந்தது. 2025-ல் வந்த புதிய அல்ட்ராஸில் டர்போ பெட்ரோலே இல்லை. பழைய கார் சந்தையில் நல்ல நிலையில் கிடைத்தால் பார்க்கலாம்.

5 சதவீத வரியின் பலனைப் பார்க்க மஹிந்திரா பிஇ 6 போதும். 2024 நவம்பரில் 18.90 லட்சத்தில் அறிமுகமானது. பெரிய பேட்டரி வேரியன்ட்டில் 286 பிஎஸ், பின்சக்கர இயக்கம், 6.7 நொடியில் 100 கிமீ வேகம். காகிதத்தில் விர்டஸை ஊதித் தள்ளிவிடும். ஆனா கியர் மாற்றும் சுகம் கிடையாது, எடையும் அதிகம். வீட்டில் சார்ஜர் வைக்க முடியாத வாடகை அபார்ட்மென்ட்டில் இருந்தால் இதை மறந்துடுங்க.

பவரை எங்கே பயன்படுத்துவீங்க?

மும்பை–புணே எக்ஸ்பிரஸ்வேயின் சமதளப் பகுதியில்கூட வேக வரம்பு 100தான். மீதி ஆசைக்கு ரேஸ் டிராக் இருக்கு: ஐ20 தயாராகும் இருங்காட்டுக்கோட்டையிலேயே ஒன்று, கோவையில் கரி மோட்டார் ஸ்பீடுவே, டெல்லி பக்கம் புத் சர்க்யூட். ஆனால் வழக்கமான கார் காப்பீடு பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. டிராக்கில் சுவரில் மோதினால் செலவு முழுக்க உங்களுடையது.

"சின்ன டர்போதானே, ரீமேப் பண்ணி பவரை ஏத்திக்கலாம்" என்ற யோசனையும் வரும். முதலில் வாரன்ட்டி போகும். கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பின் தெரிந்தால் க்ளைமும் சிக்கலாகும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அம்சங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வர்த்தக ஒப்பந்தங்களால் விலை குறையும்னு காத்திருக்கலாமா? 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் கார்களுக்கு இறக்குமதி வரி படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும். ஆனால் மினி கூப்பர் எஸ் 2024-ல் இங்கே வந்தபோதே 44.90 லட்சம். வரி குறைந்தாலும் அது உங்க பட்ஜெட்டுக்குள் வந்துவிடாது.

எங்கள் பார்வையில், தனியாகவோ இரண்டு பேராகவோ நகரத்தில் ஓட்டுபவருக்கு ஐ20 என் லைன் மேனுவல் போதும். மாதம் மிச்சமாகும் 14,500 ரூபாய் சின்ன தொகை இல்லை. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் அடிக்கடி போறவங்க, நிஜமாகவே கையில் பணம் இருந்தால், விர்டஸ் மேனுவலுக்குப் போகலாம். இரண்டிலுமே இருக்கும் 7 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கில் உலர் கிளட்ச். நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால் சூடாகும். ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்குப் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்கைத்தான் நிறுத்தியிருப்பாங்க. மேனுவல் வேணும்னு முன்கூட்டியே போன் பண்ணிக் கேளுங்க, மாலை நெரிசல் நேரத்தில் போங்க, பின்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து ஓட்டிப் பாருங்க.